அக்கா கேட்ட தன் குரல்

மைக் செட்டுக்காரர் தம் முதல் டேப் ரெக்கார்டரை வாங்கியபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. அவருடைய அக்கா தினமும் சாயங்காலப் பிரார்த்தனையில் பாடுவார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். பக்கத்து வீட்டு அத்தையும் வந்துவிடுவார். ஒருநாள் தம்பி மைக்கைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்து வைத்து அதைப் பதிந்தார். பாட்டு முடிந்ததும் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினார்.

அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"யாருடா இது, தகரத்தைக் கீறுற மாதிரி?"

"வேற யாரு, நீதான்! மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"போடா, என் குரல் இப்படியா இருக்கு?"

"இத்தனை நாளா நாங்க பொறுத்துக்கிட்டோம்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அக்கா அந்தக் கேசட்டின் நாடாவை உருவிக் குப்பையில் போட்டுவிட்டார். மறுநாளிலிருந்து பாடவும் இல்லை. அம்மா கெஞ்சிப் பார்த்தார். "ஆண்டவனுக்கு மனசுல சொன்னாலே கேட்கும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் அக்கா. அம்மா கண் மூடும்வரை அந்த வீட்டில் பாட்டுக் கேட்கவில்லை.

முப்பது வருஷம் குழாய் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நின்று மைக் செட்டுக்காரருக்குக் காது மந்தமாகிவிட்டது. பரிசோதனைக்குப் போனார். அங்கிருந்த பெண் ஓர் இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். மண்டைக்குள் ரீங்காரம் எழுந்தது.

"இதென்னம்மா, எலும்புல வச்சா கேட்குது!"

"எலும்பும் சத்தத்தைக் கடத்தும் ஐயா. நாம பேசறப்ப நம்ம குரல் நமக்கு அந்த வழியாவும் வருது, அதான் கனமாத் தெரியுது. மத்தவங்களுக்குக் காத்துல போறது மட்டும்தான். மைக்குக்கும் அவ்வளவுதான். ரெக்கார்டுல கேட்டா தன் குரல் தனக்கே பிடிக்காம போறது இதனாலதான்."

ஆயுசு முழுக்க மைக்கைக் கட்டி மேய்த்தவருக்கு இது தெரியாமல் போயிற்றே! நேரே அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அப்ப நீங்க எல்லாரும் தினம் கேட்டது அந்தக் குரலைத்தானா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. அதைக் கேட்கத்தான் அம்மா அடுப்பை அணைச்சுட்டு வருவாங்க. நானும் வேலையைப் போட்டுட்டு வருவேன்."

"இதைச் சொல்ல எலும்பும் கவையும் எதுக்குடா? நல்லா இருக்குன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"இப்ப ஒரு வரி பாடேன்க்கா" என்றார். அக்கா கையிலிருந்த துணியை வைத்துவிட்டுத் தொடங்கினார். பாதி வரியில் குரல் நின்றுவிட்டது.

"போதும். தொண்டை மறந்துபோச்சு. தண்ணி கொண்டா."

அவர் சமையலறைக்குப் போய்க் குழாயடியில் நின்றார். 'ஆண்டவனே, உனக்கு வந்துகொண்டிருந்த பாட்டை வழியிலேயே மறித்துவிட்டேனே' என்று மனசு அடித்துக்கொண்டது.

"தண்ணிக்குக் கிணறா வெட்டுற?" என்று கூடத்திலிருந்து அக்கா கூப்பிட்டார்.