மறைத்து வைத்த மாடி அறை

அப்பாவுக்கு எஸ்டேட் ஆபீஸில் கிளார்க் வேலை. குன்னூர் வீட்டின் மாடி அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். வருகிறவர்களுக்குச் சமைப்பது, வெந்நீர் போடுவது, மூடுபனியில் உலராத போர்வைகளை அடுப்படியில் காய வைப்பது எல்லாம் அம்மா. இதையெல்லாம் ஒரு வேலை என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

நான் ஏழாம் வகுப்புப் படித்தபோது சித்தி கோவையில் கம்ப்யூட்டர் படிப்பு முடித்துவிட்டு எங்களோடு வந்து தங்கினாள். வீட்டுக்கென்று ஒரு வெப் பக்கம் செய்தாள். "மாடி அறை" என்ற பட்டனை அழுத்தினால் படங்கள் விரியும்; மறுபடி அழுத்தினால் மறைந்துவிடும். எப்படி என்று கேட்டேன்.

"ஹைட்னு ஒரு கிளாஸ், லேபிள் மாதிரி. அது ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு சிஎஸ்எஸ்ல எழுதி வெச்சிருக்கேன். பட்டனை அமுக்குனா ஜாவாஸ்கிரிப்ட் அதை ஒட்டும், இல்லீனா எடுக்கும். அவ்வளவுதான் கண்ணு."

படங்கள் அழிவதில்லை, இருந்த இடத்திலேயே இருக்கின்றன என்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது.

அடுத்த சீசனில் ஊரெல்லாம் கார்கள் நின்றன. எங்கள் போன் மட்டும் அடிக்கவில்லை. அப்பா முதலில் டவரைத் திட்டினார், பிறகு புதிதாக வந்த காட்டேஜ்களை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் சித்தியின் லேப்டாப்பில் பக்கத்தைத் திறந்தேன். மாடி அறையின் பட்டனே இல்லை. சித்தி காட்டித் தந்தபடி உள்ளே இருக்கும் வரிகளைத் திறந்து பார்த்தால், அந்தப் பகுதி முழுவதன் மேலும் "ஹைட்" ஒட்டியிருந்தது. அதை எடுத்தேன். அந்தத் திரையில் மட்டும் அறை வந்துவிட்டது. ஓடிப்போய் அப்பாவை அழைத்து வந்தேன்.

அப்பா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு சித்தியைக் கூப்பிட்டார்.

"அக்காதான் மறைக்கச் சொல்லுச்சுங்க மாமா," என்றாள் சித்தி, தரையைப் பார்த்தபடி.

சமையலறை வாசலில் அம்மா ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்ல?" என்றார் அப்பா.

"சொன்னேனுங்க. முடியல, முடியலன்னு ரெண்டு சீசனாச் சொல்லிட்டுத்தான் இருக்கேன். உங்க காதுல விழுகல."

அம்மா குரலை உயர்த்தவில்லை. அப்பா வெளியே போனார். சித்தி அந்த ஒரே ஒரு சொல்லை எடுத்தால் போதும், அறை எல்லோருக்கும் தெரியும் என்று அப்பாவின் பின்னாலேயே போய்ச் சொன்னேன். "வேண்டாம் சாமி, அப்படியே கெடக்கட்டும்," என்றார்.

அன்று மதியம் அம்மா படுத்துத் தூங்கினாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை. அப்பா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அவருக்குத் தெரியாமல் உள்ளே போய், காய்ச்சலாக இருக்கும் என்று பயந்து அம்மாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன்.

சூடே இல்லை. பிறகு எதற்குப் படுத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.