ஒரு வருஷத்து ஓடைத் தண்ணீர்

துளைபோடும் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போன அதே திங்கட்கிழமைதான் இன்ஜினியர் பெண்ணும் பெட்டியைக் கட்டினாள். பெரிய கம்பெனி ஒன்று அவளைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. புறப்படும்போது சமையலறைக்குள் நுழைந்து, காலி பாட்டில்கள் அடுக்கிய நீலப் பெட்டி ஒன்றைச் சமையல்கார அக்காவின் கையில் திணித்தாள்.

"மாசம் ஒரு தடவை, ஓடையோட மேல் வளைவுல ஒண்ணு, கீழ் வளைவுல ஒண்ணு ரொப்பி லேபுக்கு அனுப்பணும். தோண்டறதுக்கு முன்னாடி தண்ணி எப்படி இருந்துச்சுன்னு ஒரு வருஷம் விடாம எடுத்துக் காட்டினாதான் சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கும்க்கா."

"ஏம்மா, அடுப்படியில கிடக்கிறவகிட்டயா இதக் குடுத்துட்டுப் போறே?"

"வேற யாரு இருக்கா?"

அதுவும் சரிதான். மலையில் செம்பு இருப்பதாகக் கண்டுபிடித்து எத்தனையோ காலமாகியும் ஒரு கூடை கல்கூட விற்காத குட்டிக் கம்பெனி அது. அனுமதி வந்தால்தான் பணம் போடுவோம் என்று முதலாளிகள் கையை விரித்துவிட, மிஞ்சியது மேனேஜர், டிரைவர், அக்கா மூவர்தான். டிரைவர் அக்காவின் தம்பி. வாய் ஓயாததால் பேர் 'ஹாரன்'. கணவன் போனபிறகு மகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவள் அக்கா. இங்கேதான் அந்தப் பிள்ளை முதல்முறையாக ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு படித்திருந்தது. சுரங்கம் திறக்காவிட்டால் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதனால் அக்கா அந்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்தாள். பாட்டிலில் தூசி தும்பு இருக்கக் கூடாதென்று, பாத்திரம் விளக்கும் சோப்பைப் போட்டு நன்றாகத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்துவிட்டுத்தான் ஓடைக்குப் போனாள்.

மூன்றாம் மாதம் லேபிலிருந்து மேனேஜருக்குப் போன் வந்தது. ஆளே போகாத மேல் வளைவில் துணி துவைப்பது யார் என்று கேட்டார்கள். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மூணு மாசமும் செல்லாதாம். முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. ஹாரன் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, உன் கை பட்டா ஓடையே நுரைக்குது!"

"வாயை மூடிக்கிட்டு வண்டிய எடுடா."

நேராக லேபுக்குப் போனாள். "பாட்டில் சுத்தமாத்தான் வரும். ஓடைத் தண்ணியாலயே அலசிட்டு ரொப்புங்க, போதும்" என்றாள் அங்கிருந்த பெண். அந்த மாதத்திலிருந்து வருஷம் மறுபடி தொடங்கியது. மழையில் பாதை சரிந்தபோது, இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஏறினாள்.

கோடையில்தான் சிக்கல் வந்தது. மேல் வளைவில் பொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் கூழாங்கல். கீழ் வளைவில் மட்டும் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது.

"ரெண்டையும் இங்கயே ரொப்பிடுக்கா. ஓடை என்ன சாட்சி சொல்லவா வரப்போகுது?" என்றான் ஹாரன்.

அக்கா ரொப்பினாள். மூடியையும் திருகினாள். பெட்டியில் வைக்கப் போனவள், மூடியைத் திறந்து ஒரு பாட்டிலைக் கவிழ்த்தாள்.

"என்னக்கா பண்றே! மறுபடியும் முதல்ல இருந்தா?"

"சோப்பு தெரியாம போட்டது. இது தெரிஞ்சே போடறது. முதல்ல இருந்துன்னா முதல்ல இருந்துதான். நட, மேல ஏறு."

காய்ந்த வளைவின் நடுவே காலி பாட்டிலை நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னாள். 'தண்ணீர் இல்லை' என்று எழுதி அதையும் அனுப்பினாள். அது கணக்கில் சேருமா என்று மேனேஜருக்கும் தெரியவில்லை. அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அக்கா பாட்டிலும் கையுமாகத்தான் போனாள்.

வருஷம் முடிந்தது. கோப்பு போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. மகள் அடுத்த வகுப்பையும் முடித்துவிட்டாள். ஒரு நாள் காலை, தலைநகரில் தவம் கிடந்த மேனேஜரிடமிருந்து அக்காவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"அக்கா, அனுமதி கிடைத்துவிட்டது. வறண்ட மாதத்துப் படத்தையும் ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த மாதம் வேலை ஆரம்பம். இனி மாதம் ஒரு தடவை போதாதாம், வாரா வாரம் தண்ணீர் எடுக்க வேண்டும். ஹாரனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்."