ஞாயிற்றுக்கிழமைக் கட்டம்

நினைவு மலரில் கோபப்படக் கூடாதாம். "நாலு பேர் படிக்கிறது, பார்த்து எழுதுடி" என்றார் அம்மா. அப்பா மறைந்து ஓராண்டாகியும் என் கோபம் ஆறவில்லை. அந்த நாலு பேருக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா ஸ்ரீரங்கத்தில் பிறந்தார். தாத்தா சீக்கிரமே காலமானதால், விடிகாலையில் காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டியில் வேலை பார்த்துவிட்டுப் பாலிடெக்னிக் போனார். தம்பியை, அதாவது என் சித்தப்பாவை, அவரே படிக்க வைத்தார். திருச்சிக்கு வெளியே ஒரு கார் தொழிற்சாலையில் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஆலை மேலாளர்வரை உயர்ந்தார்.

பிறகு மந்தம் வந்தது. விற்காத கார்கள் மைதானம் முழுக்க வெயிலில் நின்றன. தலைமை அலுவலகம் ஆட்குறைப்புப் பட்டியல் கேட்டது. அப்பா போனில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது: "உற்பத்தியைக் குறைங்க சார், ஆளைக் குறைக்காதீங்க! நாளைக்கு ஆர்டர் வந்தா இந்தக் கையெல்லாம் எங்க போய்த் தேடுவீங்க?"

பட்டியலுக்குப் பதில் அட்டவணை போட்டார். எல்லோருக்கும் வாரத்தில் மூன்று நாள் வேலை, அதற்கான சம்பளம், தனக்கும் அப்படியே. லைன் நிற்கும் நேரத்தில் பழைய இயந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்க்க வைத்தார். ஆபீஸ் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸில் போனார். திங்கட்கிழமைதோறும் எத்தனை கார் விற்றது, எத்தனை நிற்கிறது என்று தொழிலாளிகளிடம் ஒளிக்காமல் சொல்வார். விற்பனை மறுபடி சூடுபிடித்தபோது, ஆட்களைத் துரத்திய ஆலைகள் ஆள் தேடி அலைந்தன. அப்பாவின் ஆலை மறுநாளே முழு ஷிப்ட் ஓடியது.

அந்த மந்தத்தின் நடுவில்தான் சித்தப்பா தன் மகனுக்கு வேலை கேட்டு வந்தார்.

"இருக்கிறவங்களே அரை வயித்துக்கு ஓட்டுறாங்க. இப்ப எப்படிடா உன் பையனை எடுப்பேன்? கொஞ்சம் பொறு."

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் சோறு போடுவ, தம்பி பிள்ளை தெருவுல நிக்கணுமா?" காபியைத் தொடாமல் எழுந்து போனார் சித்தப்பா. சொந்தம் மொத்தமும் அவர் பின்னால் போனது. கல்யாண வீடுகளில் அப்பாவுக்குப் 'பிழைக்கத் தெரியாதவர்' என்று பெயர். ஓர் ஆலையையே பிழைக்க வைத்தவருக்கு! நாக்கு கூசவில்லையா உங்களுக்கு?

கடைசியில் அப்பா தில்லை நகர் மருத்துவமனையில் ஆறு வாரம் கிடந்தார். ஆலையின் பெயிண்ட் பிரிவு ஜாபர் பாய் ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டிலருகே ஒட்டினார். திங்கள் முதல் சனிவரை, எந்த நாளில் யார் துணைக்கு இருப்பது என்று பெயர்கள்.

"சார் போட்ட அட்டவணை மாதிரியேதாம்மா. நீங்களும் அம்மாவும் கொஞ்சம் தூங்குங்க."

ஞாயிறு மட்டும் காலி. ஏன் என்றேன்.

"அன்னிக்கு உங்க சொந்தக்காரங்க வருவாங்கல்ல? இடைஞ்சலா இருக்கக் கூடாதுன்னு விட்டிருக்கோம்."

ஆறு ஞாயிறும் அப்பா நல்ல சட்டை போட்டுவிடச் சொல்லி வாசலையே பார்த்திருந்தார். "தம்பிக்கு ஏதாவது வேலை வந்திருக்கும்" என்பார். ஒருவரும் வரவில்லை. ஆனால் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு மூன்று பந்தி நிறைய வந்தீர்கள். மைக்கைப் பிடித்து "என் அண்ணன் தெய்வம்" என்று அழுதீர்களே சித்தப்பா, அந்தத் தெய்வம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கே இருந்தீர்கள்?

நன்றி சொல்லித்தான் முடிக்க வேண்டும். ஜாபர் பாய்க்கும், முறை தவறாமல் வந்த தொழிலாளத் தோழர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தாளை இம்மலரின் கடைசிப் பக்கத்தில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். உறவினர்கள் தங்கள் பெயரைத் தேடிப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் நாங்கள் எதையும் அழிக்கவில்லை.