நடைவழியில் பூட்டிய சைக்கிள்

புனே வானவடியில், மூன்றாவது மாடியில், ஒற்றைப் படுக்கையறை வீடு எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா சுற்றிவர ஒரு சைக்கிள் வாங்க நினைத்தேன். "மடக்குற சைக்கிளா பாருங்க, வீட்டுக்குள்ள வைக்கலாம்" என்றாள் மனைவி. "அது சர்க்கஸ் சைக்கிள்" என்று சிரித்துவிட்டு, தடித்த டயர் போட்ட கியர் சைக்கிளை வாங்கினேன். வீட்டுக்குள் வைத்தால் நடக்க இடமில்லை. வெளியே நடைவழியில், படிக்கட்டுக் கம்பியோடு சேர்த்துப் பூட்டினேன்.

ஒருநாள் காலை, எதிர்வீட்டுப் பெரியவர் ஜோஷி காகா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆம்புலன்ஸ்காரர்களால் ஸ்ட்ரெச்சரைப் படியில் திருப்ப முடியவில்லை. "பையா, சைக்கிள் ஹடாவோ!" என்று சைக்கிளை எடுக்கச் சொல்லி அவர் மனைவி இந்தியில் அலறினார். நான் சாவியைத் தேடுவதற்குள், காகாவை நாற்காலியில் உட்காரவைத்து சைக்கிளுக்கு மேலாகத் தூக்கிப் போனார்கள். ஹேண்டில் பட்டு அவர் கால் சிராய்த்தது. அவர்கள் இறங்கியதும் நான் குனிந்து பார்த்தது, சைக்கிளில் கீறல் விழுந்திருக்கிறதா என்றுதான்.

"சீ! நீங்கல்லாம் மனுஷனா?" என்றாள் மனைவி. எனக்கே என் மீது அருவருப்பாக இருந்தது. இன்றும் அது போகவில்லை.

காகா பிழைத்துக்கொண்டார். அவர் வீடு திரும்பும் முன்பே சைக்கிளை விற்றுவிட்டேன். பிறகு பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தை டேப்பால் அளந்து, அதற்குள் அடங்கும் மடக்கு சைக்கிள் வாங்கினேன். நடைவழியில் இப்போது செருப்பைக்கூட விடுவதில்லை.