சோறு தின்ற பல்

என் மகளுக்குத் திருத்தணி மலையில் முதல் மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய கையோடு, அக்கா வீட்டுக்காரர் ஒரு வெள்ளிச் சங்கிலியை அவள் கழுத்தில் மாட்டினார். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறார். நான் பாவா என்று கூப்பிடுவேன். சங்கிலியின் நடுவில் வெள்ளிப் பூண் போட்ட ஒரு கோரைப்பல் தொங்கியது.

"புலிப்பல்லும்மா. புலின்னா, சிறுத்தை. இத்த போட்டா கொழந்த எதுக்கும் பயப்படாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறவள். சிறுத்தைப் பல் வைத்திருந்தால் ஜெயில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவள். சங்கிலியைக் கழற்றி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

"ஏது பாவா இது?"

குரலைத் தாழ்த்திக்கொண்டாரே தவிர, பெருமையைத் தாழ்த்தவில்லை.

"போன வருசம் எங்க பக்கம் ஆட்டையெல்லாம் அடிச்சுகினு இருந்துச்சே, அதான். செத்த ஆட்டுக் கறில நான்தான் மருந்து வெச்சேன். போன மாசம் ஓடைல மண்டை கெடச்சுது. கார்ல கீது. ஸ்கூலு பசங்களுக்குக் காட்டும்மா, உனுக்குன்னுதான் எடுத்தாந்தேன்."

டிக்கியில் ஒரு லுங்கிக்குள் சுற்றியிருந்தது. பிரித்தேன். கீழ்த்தாடை இல்லை. பழக்கதோஷத்தில் என் விரல் நேராக மேல் கடைவாய்க்குப் போனது.

கறியை வெட்டி விழுங்குகிற சிறுத்தைக்கு அரைக்கும் வேலை கிடையாது. வெட்டும் பல்லோடு அதன் வாய் கிட்டத்தட்ட முடிந்துவிடும். பின்னால் மிளகு மாதிரி ஒரு பல் ஒப்புக்கு இருக்கும். இதிலோ, வெட்டும் பல்லுக்குப் பின்னால் அகலமான அரைக்கும் பற்கள் பக்கத்துக்கு இரண்டு இருந்தன. கறியோ சோறோ களியோ, கிடைத்ததைத் தின்று மனிதர்களோடு பிழைக்கிற வாய் அது.

"ஐயோ பாவா, இது நாய்!" என்று சிரித்தே விட்டேன். ஜெயில் பயம் போன சந்தோஷம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அடுத்த நொடி மண்டையின் முன்பக்கத்தைப் பார்த்தேன். வலது கோரைப்பல்லின் இடம் வெறும் குழி; அந்தப் பல்தான் என் முந்தானைக்குள் இருந்தது. இடது கோரைப்பல் பாதியில் சாய்வாக உடைந்து, முனை மழுங்கியிருந்தது.

அந்தப் பல்லை எனக்குத் தெரியும். எங்கள் நாய் ஒரு வயதில், பாவா வீட்டில் தறியில் ஊடுநூல் பாய்ச்சுகிற நாடாக்கட்டையைக் கவ்விக்கொண்டு ஓடி, அதன் இரும்பு முனையைக் கடித்து உடைத்துக்கொண்ட பல். நான் பிரசவத்துக்குப் போனபோது அதை அக்கா வீட்டில்தான் விட்டிருந்தோம். ஓடிப்போய்விட்டது என்றார்கள். ஒரு வருஷமாக, கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடைந்த பல்லைத் தொட்டுக் காட்டினேன். அன்று அதன் வாயிலிருந்து நாடாவைப் பிடுங்கியவரே பாவாதான். அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார்.

"ஆட்டு எலும்பக் கடிச்சு ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேம்மா."

"அது கறிக்கு அலையற நாய் இல்லையே பாவா. ரசஞ்சோறு போட்டாலே போதுமே அதுக்கு. அது காணாமப் போனப்ப, சோறு வெச்சிருந்தீங்களா இல்லையா?"

பாவா மண்டையை மறுபடி லுங்கிக்குள் சுற்றினார்.

"மருந்து வெச்ச அன்னிக்குத்தான் பள்ளிப்பட்டுல கண்ணாலம். ரெண்டு நாளும்மா. ஊட்டப் பூட்டிகினு போய்ட்டோம்."