சனிக்கிழமைப் பெரட்டு

டாக்டர் சாந்தினி அந்தத் தண்டவாளத் துண்டைத் தட்டினால் லகாட்டிலிருந்து சிலிம் ரிவர் வரைக்கும் தோட்டத்துச் சனம் முந்நூறு பேர் எழுந்து வந்து வரிசையில் நிற்கும். சரி, கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். சிலிம் ரிவர் எங்கே கிடக்கிறது! ஆனால் தட்டுவது நிஜம். சனிக்கிழமை தவறாமல், விடியும்போதே, லகாட் பக்கம் மூடிப்போன ரப்பர் தோட்டத்தின் ரம்புத்தான் மரத்தடியில் நின்று தட்டுவார்.

அந்த இரும்பு ஒரு காலத்தில் பெரட்டுக்கு அடித்தது. பால்மரம் வெட்டப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அதற்கு. சாந்தினியின் அம்மாவும் அந்த வரிசையில் நின்றவர், பிந்தினால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் கூலி. மகள் இன்று ஈப்போவில் ஒரு கல்லூரியின் முதல்வர். சனிக்கிழமைதோறும் மாணவர்களையும் விரிவுரையாளர்களையும் பேருந்தில் கூட்டிவந்து, இந்த இரும்பைத் தட்டி வரிசையில் நிறுத்தித் தோட்டத்தில் வேலை வாங்குகிறார்.

முதல்வரின் கார் பின்பெட்டியில் பட்டமளிப்பு அங்கியும் சேறு காய்ந்த பூட்சும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். தேநீருக்குச் சீனி வேண்டாம் என்பார். அடுத்தவர் தட்டிலிருக்கும் குவே பலகாரத்தைக் கிள்ளித் தின்பார். அதிகாரிகளிடம் மலாய் தேனாக ஒழுகும். பிந்தி வரும் விரிவுரையாளருக்குத் தமிழ்தான்: "பவித்ரன், ஆராய்ச்சி அப்பறம் பாக்கலாம் லா, மொதல்ல லோங்காங்குல எறங்குங்க!" சாக்கடையில் கால் வைக்காதவருக்கு அவரிடம் மரியாதை கிடையாது.

இந்த வருடம் புது நிலக்காரர், பழைய ஆட்கள் இன்னும் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் போன தண்ணீர்க் குழாயை அறுத்துவிட்டார். ரோட்டோரத்திலிருந்து புதுக்குழாய் பதிக்க சாந்தினி அனுமதி வாங்கினார். பள்ளம் வெட்டுவது மாணவர்கள் வேலை. நிலக்காரரோ கல்லூரிக்குக் கட்டடம் கட்டித் தருகிறவர். நிர்வாகக் குழுத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்: "டாக்டர், இந்தச் சனிக்கெழம அங்க போனீங்கன்னா திங்கக்கெழம ஒங்க நாற்காலி இருக்காது."

"நின்னுக்கிட்டே வேல பாத்த குடும்பந்தான் லா" என்றாராம் இவர்.

நேற்றுச் சனிக்கிழமை. கல்லூரிப் பேருந்து வரவில்லை, தலைவர் நிறுத்திவிட்டார். சாந்தினி மட்டும் வந்து, ஒருவராவது சொந்தமாக வந்திருக்க மாட்டாரா என்று இரும்பைத் தட்டினார். மாணவர் ஒருவரும் இல்லை. லயத்துக் கதவுகள் திறந்தன. ஆயுள் முழுக்கக் கேட்ட மணியாயிற்றே. வயசாளிகள் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையாக நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் இராமசாமி தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்:

"பேரு கூப்புடுங்கம்மா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்புறம் என்ன, முதல்வர் கம்பீரமாக முன்னால் நின்று முந்நூறு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். பொழுது சாய்வதற்குள் பள்ளம் லயத்து வாசலையே தொட்டுவிட்டது.

"ஆமா, தொட்டுச்சு!" என் பக்கத்தில் உட்கார்ந்து கைக் கொப்புளத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த செல்லாயிக்குப் பொறுக்கவில்லை. நேற்று வரிசையின் கடைசியில் நின்றவர் அவர். "கதய நிப்பாட்டுங்கக்கா. எங்க முந்நூறு? நாங்க ஏழு பேரு. வெட்டுனது இந்தச் செவுரு நீளங்கூட இல்ல. பேரு யாரும் கூப்புடல. அந்தம்மா இரும்பக் கீழ வச்சிட்டு, மம்புட்டியத் தூக்கிக்கிட்டு, வாயே தொறக்காம எனக்குப் பின்னால வந்து நின்னுட்டாங்க லா."