முள் காட்டாத சூடு

என் மகனுக்கு இருப்பது ஒரே ஒரு லாரி. கோபியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் கிளம்பினான். நானும் கூடப் போனேன். பெருந்துறைக்குப் பக்கத்தில் என் கால்மாட்டில் அனல் அடித்தது.

“கண்ணு, இஞ்சின் காயற மாதிரி இருக்குது.”

“மீட்டர் முள்ளு கீழதானம்மா நிக்குது. சூடே இல்லீங்க.”

சொல்லி வாய் மூடவில்லை, முன்னால் குபுகுபுவென்று ஆவி. வண்டியை ஓரங்கட்டியவன் முகத்தில் உயிரே இல்லை. இஞ்சின் போனால் எங்கள் பிழைப்பும் போச்சு.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு பெண்பிள்ளை. ஆறவிட்டுப் பார்த்தாள்.

“டியூப்லதானுங்க ஓட்டை, இஞ்சின் தப்பிச்சுது. ஆனா யாருங்க முள்ளுக்குச் சூடு சொல்ற சென்சாரைக் கீழ் டியூப்ல மாட்டினது?”

“நான்தானுங்க. அங்க மாட்டறதுக்குத் தோதா இருந்துச்சு,” என்றான் மகன், தலையைச் சொறிந்துகொண்டு.

“ரேடியேட்டர்ல ஆறின தண்ணிதானுங்க அதுல வரும். குளிச்சுட்டு வந்தவன் நெத்தியத் தொட்டுக் காய்ச்சல் பாக்கறீங்களே!”

டியூபை மாற்றி, புதுத் தண்ணீர் ஊற்றினாள். இஞ்சினை விட்டுச் சுடுதண்ணீர் வெளியேறும் மேல் வாயில் சென்சாரை மாட்டினாள். கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்தினாள். முள் பாதிக்கு ஏறியிருந்தது.

“கீழ் டியூபைத் தொட்டுப் பாருங்கம்மா. மேல கை வெச்சறாதீங்க, பொசுக்கிப்போடும்.”

கூச்சத்தோடு தொட்டேன். குடத்துத் தண்ணீராட்டம் சில்லென்று இருந்தது. ஒரே இஞ்சின், ஒரே தண்ணீர். மேலே கொதிக்கிறது, கீழே குளிர்கிறது. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது.

அதற்கப்புறம் கோயமுத்தூர் வரைக்கும் ரோட்டையே நான் பார்க்கவில்லை. நடுவில் நின்ற அந்த முள்ளைத்தான், சாமியைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.